பின்னல், சாறிச் சட்டை, வெண்திட்டு: தோற்றம் பற்றி நீங்கள் கேட்டவை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்திலிருந்து. தலைமயிர் வெட்டுபவர், சட்டை தைப்பவர், தோல் கிளினிக்கில் வேலைசெய்பவர் என மூவர் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். ஒரு விசயத்தில் மூவருக்கும் ஒரே கருத்துத்தான். செய்த மாற்றம் பொருந்திவிட்டதா என்று கண்ணாடியைக் கேட்டுப் பயனில்லை. வீட்டுப்படி இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் அதை மறந்துபோய் ஆட்களோடு கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். கை திரும்பத் திரும்ப அங்கேயே போனால் எங்கேயோ ஒரு அளவு பிழைத்திருக்கிறது. அளவைத் திருத்தலாம்.

கேள்வி: எனக்கு வயது 34. டவுனில் ஒரு கந்தோரில் வேலை, ஸ்கூட்டியில்தான் போய்வருகிறேன். தடித்த, நெளிவான தலைமயிர், இடுப்புக்குக் கீழே வரும். சின்ன வயதிலிருந்து ஒற்றைப் பின்னல்தான். கழுத்தளவுக்கு வெட்ட வேண்டும் என்று இரண்டு வருசமாக ஆசை. வெட்டிப்போட்டு அழுவேனோ என்று பயம். அம்மா வேறு, ‘பொம்பிளப் பிள்ளைக்குத் தலைமயிர்தான் வடிவு’ என்கிறா. (உப்புவெளி வாசகி)

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள், பயத்தில் பாதி அதிலேயே போய்விடும். தலைமயிர் மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். கழுத்தளவில் வெட்டியது தோளைத் தொட 8 முதல் 10 மாதம் எடுக்கும். திரும்ப இடுப்புக்கு வர நாலு வருசத்துக்கு மேல். அதனால் ஒரே இருப்பில் இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏறவேண்டாம். முதலில் நடுமுதுகு. ஆறு கிழமை கழித்துத் தோளெலும்பு. அதற்குப் பிறகுதான் கழுத்து. இரண்டாவது படியிலேயே ‘இது போதும்’ என்று தோன்றினால் அங்கேயே நின்றுவிடலாம்.

வெட்டுவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். தளர்வாகப் பின்னி, பின்னலைப் பிடரிக்கு உள்பக்கமாக மடித்து, பக்கத்து மயிர் தாடையளவில் தொங்கும்படி ஊசி குத்துங்கள். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, யாரோடாவது கதைப்பதை ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். கண்ணாடி நேர் முகத்தை மட்டும்தான் காட்டும். மற்றவர்கள் பார்ப்பது நீங்கள் திரும்பும்போது, சிரிக்கும்போது, குனிந்து எழுதும்போது.

உங்களுடையதுபோலத் தடித்த நெளிவு மயிரில் இரண்டு பிழைகள்தான் அதிகம் நடக்கின்றன. ஒன்று, நனைத்து வெட்டுவது. நீளமாக இருக்கும்போது பாரத்தால் இழுபட்டிருந்த நெளிவு, பாரம் போனதும் மேலே சுருளும். ஈரத்தில் கழுத்தடியில் நின்றது காய்ந்ததும் 2, 3 செ.மீ. ஏறிக் காதுக்குக் கீழே வந்துவிடும். விரும்பும் அளவைவிட 3 செ.மீ. நீளமாக வெட்டி, காயவிட்டு, மிச்சத்தைக் காய்ந்த மயிரில் திருத்தச் சொல்லுங்கள். மற்றது, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டுவது. அடிப்பக்கம் அகன்று குடை விரித்ததுபோல நிற்கும். உள்பக்கத்தில் படிகள் எடுத்தால் அந்தப் பாரம் குறையும். பல்லுக் கத்தரிக்கோலை வேரடியில் போட விடவேண்டாம். அங்கே வெட்டுப்பட்ட குட்டை மயிர் முளைத்துவந்து மேல்மயிரைத் தூக்கிப் பிடிக்கும், ஒரு வருசத்துக்குப் படியாது. நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் மட்டும் போடலாம்.

சலூனில் ‘கொஞ்சம் வெட்டுங்கோ’ என்று சொன்னால் அந்தக் கொஞ்சம் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு அளவு. கழுத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். உங்கள் மாதிரி மயிர் உள்ள ஒருவரின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கப் படங்கள் மூன்றும் கையில் இருக்கட்டும். முதல்நாளே தலை முழுகிவிட்டு எண்ணெய் வைக்காமல் போங்கள்.

எங்கள் ஊர்க் காலநிலையையும் யோசிக்க வேண்டும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்றில் மயிர் காய்ந்து சிக்காகும். ஐப்பசி மழையோடு ஈரப்பதன் ஏறி நெளிவு ஊதும். தோளெலும்பு வரை இருந்தால் இரண்டு காலத்திலும் ஒரு முடிச்சாகக் கட்டிவிடலாம். கழுத்தளவு கட்டுக்குள் வராது. ஹெல்மட் விளிம்புக்குக் கீழே நிற்கும் நுனி வெளிப்பக்கம் மடிந்துவிடும், கந்தோர் போய் நனைத்துச் சீவவேண்டி வரும். தினமும் ஸ்கூட்டி ஓடுபவருக்கு முதல் வருசம் தோளெலும்பு அளவே நல்லது என்பது எங்கள் எண்ணம். இன்னொன்று, குட்டை மயிருக்குத்தான் சலூன் செலவு கூட. ஆறேழு கிழமைக்கு ஒருதரம் வடிவம் திருத்த வேண்டும். பின்னலுக்கு அந்தச் செலவே இல்லை.

அம்மாவிடம் வெட்டிவிட்டுக் காட்டாமல், வெட்டப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் கலியாணம் இருந்தால் அதற்கு முந்திய மூன்று கிழமைக்குள் வெட்டவேண்டாம். மயிர் புது வடிவத்தில் படிய அவ்வளவு நாள் வேண்டும். வெட்டும்போது காய்ந்த பின்னலின் இரு முனையையும் ரப்பர் வளையத்தால் இறுக்கி, மேல் வளையத்துக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லி, அதைக் கடதாசிப் பையில் பத்திரப்படுத்துங்கள். ஈரத்தோடு பிளாஸ்ரிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சவுரி கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் உங்கள் மயிரிலேயே உங்களுக்கு ஒரு சவுரி கிடைக்கும். நிறமும் நெளிவும் அச்சொட்டாகப் பொருந்தும். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் அம்மா ஆசைப்பட்ட பின்னலைப் பின்னிப் பூ வைக்கலாம்.

கேள்வி: வயது 24, ஆண். பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்து, சிறுவயதில் தைத்தது. தழும்பில் மயிர் முளைப்பதில்லை, மீசை இரண்டு துண்டாகத் தெரிகிறது. விற்பனை வேலை, ஆட்களோடு கதைக்கவேண்டும். கதைக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. (பாலையூற்று வாசகர்)

பதில்: தழும்புத் திசுவில் மயிர்க்கால் இல்லை. அதனால் எண்ணெய், வெங்காயச் சாறு எதைப் பூசினாலும் அங்கே முளைக்காது, காசைச் செலவழிக்க வேண்டாம். மீசையை மட்டும் நீளமாக விட்டால் இரு பக்க மயிரும் எதிரெதிர்த் திசையில் விழுந்து நடுக்கோடு இன்னும் அகலமாகும். இரண்டு வழி இருக்கிறது.

முகம் முழுவதும் 2 அல்லது 3 மி.மீ. அளவில் குட்டைத் தாடி விடுவது ஒன்று. மீசை தனியாகக் கண்ணில் குத்தாது, தழும்பும் தாடியின் நிழலுக்குள் போகும். நாலு கிழமை வரை வடிவம் ஒன்றும் வெட்டாமல் வளரவிட்டு, பிறகு கழுத்துக் கோட்டைத் தொண்டைக்குமிழுக்கு இரண்டு விரல் மேலே வையுங்கள். மற்றது, மீசையை 8 முதல் 10 மி.மீ. வரை விட்டு, அடர்த்தியான பக்கத்திலிருந்து தழும்புக்கு மேலாகக் குறுக்கே சீவி, அரிசியளவு மெழுகு தடவிப் படியவைப்பது. அடிக்கோட்டை வெட்டும்போது உதட்டு விளிம்பைப் பின்பற்ற வேண்டாம். தைத்த உதட்டில் ஒருபக்கம் சற்று மேலே ஏறியிருக்கும், அந்த வளைவை மீசையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். நேர்கோடாக வெட்டுங்கள்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் தழும்புக்குள் மயிர் நடும் சிகிச்சை இருக்கிறது. தழும்பில் இரத்தஓட்டம் குறைவு என்பதால் நட்டதில் ஒரு பகுதி பிடிக்காமல் போகும், இரண்டாவது தடவையும் தேவைப்படலாம். இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கையைப் பற்றி: கதைக்கும்போது இரண்டு கையிலும் விலைப்பட்டியலையோ பைலையோ பிடித்திருங்கள். இரண்டு மூன்று கிழமையில் பழக்கம் தளரும். குரல் மூக்கால் வருகிறது என்று தோன்றினால் பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். 24 வயது அதற்குப் பிந்திய வயது இல்லை.

கேள்வி: வயது 47. பத்து வருசமாகக் கறுப்புச் சாயம் பூசுகிறேன். போன இரண்டு தடவையும் காதோரம் கடித்தது, கடைசித் தடவை கண் இமை வீங்கிவிட்டது. ‘அமோனியா இல்லாதது’ வாங்கலாமா? கறுப்பு மருதோன்றி போடலாமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் பிபிடி என்ற இரசாயனத்துக்கு உங்கள் உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டது என்றே இதை எடுக்கவேண்டும். வருசக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் தொடங்குவது இதன் வழக்கம். தொடங்கினால் திரும்பப் போகாது, ஒவ்வொரு தடவையும் கூடும். இமை வீக்கம் வந்தவருக்கு அடுத்தது முகம் முழுதும் வீங்கலாம், மூச்சும் முட்டலாம். அப்படி நடந்தால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அமோனியா வேறு, பிபிடி வேறு. ‘அமோனியா இல்லை’ என்ற பெட்டிக்குள்ளும் பிபிடி இருக்கலாம். சாயம் பூசுவதற்கு 48 மணித்தியாலம் முன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது இன்னும் ஒவ்வாமை வராதவர்களுக்கு. உங்களுக்கு அந்தப் பொட்டே ஆபத்து. ஒவ்வாமையை உறுதிப்படுத்தும் சோதனையைத் தோல் வைத்தியர் செய்யட்டும்.

மருதோன்றி இலை ஒருபோதும் கறுப்புத் தராது. செம்மஞ்சளில் தொடங்கி, ஓரிரு நாளில் செம்பழுப்பாக இறுகும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கறுப்பாகும் பக்கெற்றிலும் கோனிலும் சேர்ப்பது பெரும்பாலும் அதே பிபிடிதான், சிலவேளை சாயப் பெட்டியில் உள்ளதைவிடக் கூடிய அளவில். கலியாண வீடுகளில் பிள்ளைகளின் கையில் அதைப் போடாதீர்கள். கோலம் போட்ட வரி அப்படியே கொப்புளமாகும், வாழ்நாள் முழுவதற்குமான ஒவ்வாமை அங்கேதான் தொடங்குகிறது.

நரைக்கு மாறுவதுதான் உங்களுக்கு வழி, அது கஷ்டமும் இல்லை. பக்கங்களை 6 மி.மீ. அளவிலும் மேலே 3 செ.மீ. அளவிலும் குட்டையாக வெட்டிவிட்டு, மூன்று கிழமைக்கு ஒருதரம் நுனியைக் குறையுங்கள். மூன்று நாலு மாதத்தில் சாயம் முழுக்க வெட்டுப்பட்டுப் போகும். நீளமாக வைத்தபடி வேரில் நரை ஏறவிட்டால்தான் இரண்டு நிறம் தெரியும், கவனிக்கவில்லை என்று ஆட்கள் நினைப்பார்கள். நரைத்த மயிர் வெயிலிலும் இரும்புச்சத்துக் கூடிய கிணற்றுத் தண்ணீரிலும் மஞ்சளாகும். ஊதா நிற ஷாம்பு கிழமைக்கு ஒருதரம் 2, 3 நிமிடம் போதும். ஊறவிட்டால் மயிரே ஊதாவாகத் தெரியும்.

கேள்வி: வயது 51. இடது மார்பு எடுத்து ஐந்து மாதம். சாறி கட்டினால் அந்தப் பக்கம் தளர்ந்து சரிந்துவிடுகிறது, ஒரு தோள் உயர்ந்து தெரிகிறது. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை விட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். (சாம்பல்தீவு வாசகி)

பதில்: எழுதியது நல்லது. இது முழுக்கத் தையலாலும் அளவாலும் தீரக்கூடிய விசயம்.

தோள் உயர்வதற்குக் காரணம் பாரம். ஒருபக்கம் எடை இல்லாததால் பொடியின் (பிராவின்) அந்தப் பக்கம் மேலே ஏறுகிறது, உடலும் அறியாமல் சமன்செய்யப் பார்க்கிறது. வெறும் பஞ்சை அடைத்தால் உருவம் வரும், பாரம் வராது, அதனால்தான் சரிகிறது. எவ்வளவு பாரம் வேண்டும் என்பதை வீட்டிலேயே அறியலாம். மெல்லிய பையில் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொடிக்குள் வைத்து, கண்ணாடி முன் நின்று இரண்டு தோள்பட்டியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை கூட்டுங்கள். பிறகு அந்த அரிசியை நிறுத்துப் பார்த்தால் உங்கள் அளவு கிராமில் தெரியும். மருத்துவப் பொருள் விற்கும் கடையில் சிலிக்கன் மார்பு வாங்கினாலும், பருத்தி நூலில் பின்னியதைப் பாவித்தாலும், இந்த எடைக்குக் கிட்ட எடுங்கள். அரிசியையே நிரந்தரமாக வைக்கக் கூடாது, வியர்வையில் புளிக்கும், வண்டு பிடிக்கும். பின்னியதாக இருந்தால் உள்ளே கண்ணாடிமணிகள் போட்ட சிறு பையை வைத்து, கழுவும்போது வெளியே எடுக்கலாம். எங்கள் வெக்கைக்குச் சிலிக்கனுக்கு மேல் பருத்தி உறை கட்டாயம். கதிர்ச் சிகிச்சை எடுத்திருந்தால் அந்தத் தோல் இலகுவில் உரியும், பாரமானதைத் தொடங்க முன் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள்.

பொடிக்குள் ஒரு பை தைக்கவேண்டும். இடது கிண்ணத்தைக் கடதாசியில் வரைந்து, சுற்றிவர 1 செ.மீ. கூட்டி, பலதடவை தோய்த்து மென்மையான பழைய வேட்டித் துணியில் வெட்டுங்கள். அடிப்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் கையால் தைத்து, மேல் ஓரத்தை உள்ளே விட்டெடுக்கும் அளவுக்குத் திறந்து விடுங்கள். தையல் விளிம்பு கிண்ணத்தைப் பார்த்து இருக்கட்டும், தழும்பைப் பார்க்கக் கூடாது. தழும்பில் ஒரு நூல்முடிச்சு உரசினால்கூட ஒருநாள் முழுக்க உறுத்தும்.

இனிச் சாறிச் சட்டை. பழைய அளவுச் சட்டையைக் கொடுத்து விடாதீர்கள். பொடியும் மார்பும் அணிந்தபடி போய்ப் புதிதாக அளவு கொடுங்கள். தோளிலிருந்து மார்பு உச்சி, நடுவிலிருந்து மார்பு உச்சி என்ற இரண்டு அளவையும் இடம், வலம் தனித்தனியே எடுக்கச் சொல்லுங்கள். வழக்கம்போல ஒருபக்கத்தை அளந்து மறுபக்கத்துக்கும் அதே பிடிப்பு (மார்புக்கு வடிவம் தரும் மடிப்புத் தையல்) தைத்தால், இடப்பக்கத்தில் துணி வெறுங்கூம்பாக நின்று மடங்கும். இதைத்தான் ‘சரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். முன்கழுத்தைப் பழைய சட்டையைவிட 4, 5 செ.மீ. உயர்த்துங்கள். தைத்த பிறகு கண்ணாடி முன் குனிந்து பாருங்கள், பூசைத் தட்டை வாங்கும்போது குனிய வேண்டுமல்லவா. கொழுவி முன்பக்கம் இருக்கட்டும், தோள் இறுகியவருக்குக் கையைப் பின்னால் வளைப்பது நோகும். சட்டையின் இடது கை விளிம்புக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டும். அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கும் வாய்ப்புண்டு. இறுக்கமான கை, இலாஸ்ரிக், இறுகிய காப்பு எதுவும் அந்தக் கையில் வேண்டாம். மோதிரம் இறுகத் தொடங்கினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். துணி, உள்துணி போட்ட பருத்தியாக இருக்கட்டும், சின்னப் பூப்போட்டது இன்னும் நல்லது. உடம்போடு ஒட்டும் மெல்லிய துணி எல்லா மடிப்பையும் காட்டும்.

சாறியின் தலைப்பு இடத் தோளில்தான் போகிறது, அது உங்களுக்குச் சாதகம். ஐந்து மடிப்பு, ஒவ்வொன்றும் 10, 11 செ.மீ. அகலம். தோளெலும்புக்குச் சற்றுப் பின்னால் ஒரு ஊசி, இடது அக்குளுக்குக் கீழே தலைப்பின் அடி ஓரத்தைச் சட்டையோடு பிடிக்க இன்னொரு சிறு ஊசி. இரண்டாவது ஊசிதான் காற்றில் தலைப்பு விலகாமல் காக்கும். சிலிக்கன் இருக்கும் இடத்துக்கு ஊசி கிட்டவும் போகக் கூடாது, குத்தினால் அது வீண். சரிகை அடர்ந்த பட்டின் தலைப்புப் பாரம் அந்தத் தோளை நோகவைக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாறி போன்ற இலேசானதில் தொடங்குங்கள்.

முதல் வெளிக்கிடுகைக்குத் தேர்த் திருவிழா வேண்டாம். கூட்டம் குறைந்த ஒரு பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வாருங்கள். எங்கே உரசியது, எந்த ஊசி தளர்ந்தது என்று குறித்துக்கொண்டால் தையற்காரி ஒருநாளில் திருத்தித் தருவார்.

ஒன்றும் வைக்காமல் தட்டையாகவே இருப்பதும் உங்கள் விருப்பம், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். அப்படியென்றால் இடப்பக்கத்தில் பிடிப்பே எடுக்காமல் தட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். ஒரு பிடிப்பு இருந்தாலும் துணி தொய்யும்.

கேள்வி: தங்கச்சிக்கு இரண்டு மாதத்தில் கலியாணம். வெள்ளையாக்கும் என்று பெயர் விபரம் ஒன்றும் இல்லாத ஒரு கிறீம் டப்பா வாங்கிப் பூசுகிறாள். பத்து நாளில் முகம் உண்மையாகவே வெளுத்திருக்கிறது. தொடரலாமா? (நிலாவெளி வாசகி)

பதில்: பத்து நாளில் வெளுத்ததுதான் பயப்பட வேண்டிய அடையாளம். அவ்வளவு வேகமாக வேலைசெய்பவை பாதரசமும் கடுமையான ஸ்ரீரொய்ட் மருந்தும். பாதரசம் தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், பூசியவரை அணைக்கும் குழந்தைக்கும் போய்ச்சேரும். பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை 2013இல் இப்படியான பூச்சுகளுக்கு வைத்த எல்லையே பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். ‘தங்கம், வெள்ளி நகையில் படவிடாதீர்கள்’ என்று டப்பாவில் இருந்தால் உள்ளே பாதரசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரொய்ட் கிறீம் தோலை மெலிதாக்கி, பருவும் சிவப்பும் தந்து, நிறுத்தியதும் முகத்தை எரியவைக்கும். இன்றைக்கே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்.

இரண்டு மாதத்தில் செய்யக்கூடியது வேறு. காலையில் எஸ்பிஎவ் 30க்கு மேற்பட்ட வெயில் கிறீமை ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசச் சொல்லுங்கள், குறைந்தால் பலன் பாதிதான். கலியாணத்தன்று மேக்கப்பின் நிறத்தைக் கழுத்தோடு பொருத்தச் சொல்லுங்கள். முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கினால் பிளாஷ் வெளிச்சத்தில் சாம்பல் பூத்ததுபோல இருக்கும், கையும் கழுத்தும் வேறு ஆளுடையதுபோல நிற்கும். அவளுடைய நிறத்தில் அவள் வடிவாக இருக்கிறாள் என்பதை வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

கேள்வி: வயது 22. விரல்களிலும் மேலுதட்டு ஓரத்திலும் வெண்திட்டு. அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. மறைத்துக்கொண்டு போவதா, அப்படியே போவதா? (மூதூர் வாசகி)

பதில்: இதைச் சிலர் ‘வெண்குட்டம்’ என்பார்கள், அது பிழையான சொல். குட்டநோய்க்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, தொட்டால் தொற்றவும் தொற்றாது. நிறம் தரும் கலங்களை உடலே அழிப்பதால் வருவது. திட்டு புதிதாகப் பரவுகிறது என்றால் மேக்கப்புக்கு முன் தோல் கிளினிக். பூச்சு மருந்துக்கும் ஒளிச் சிகிச்சைக்கும் முகம் நன்றாக இணங்கும், விரல்நுனியும் உதடும் மெதுவாகத்தான் இணங்கும்.

எங்கள் கருத்து: விரும்பினால் உதட்டோரத்தை மறையுங்கள், கையை விட்டுவிடுங்கள். கதைக்கும்போது கை அசையும். பூசிய கையோடு இருந்தால் எங்கே அழியுமோ, வெள்ளைத் தாளில் ஒட்டுமோ என்று கையை மடியில் ஒளித்துக்கொண்டு அரைக் குரலில் பதில் சொல்வீர்கள்.

உதட்டோரத்துக்கு: கழுவித் துடைத்து, வெயில் கிறீம் பூசி 10 நிமிடம் விடுங்கள். நேரடியாகத் தோல் நிறத்தைப் பூசினால் திட்டு சாம்பலாகத் தெரியும். முதலில் செம்பழுப்புச் சாயலில் மிக மெல்லிய ஒரு பூச்சு, அதற்கு மேல் உங்கள் நிறத்தில் இரண்டு மெல்லிய பூச்சு. தேய்க்காமல் விரல்நுனியால் ஒற்றுங்கள். திட்டின் எல்லையைத் தாண்டி அரை செ.மீ. வரை இலேசாக்கிக் கரையவிடுங்கள். நிறமில்லாப் பவுடரைத் தாராளமாக அழுத்தி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுத் தூரிகையால் தட்டுங்கள். பவுடரை உடனே தட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை, வியர்வை வந்ததும் வழியும். நிறத்தைக் கடை வெளிச்சத்தில் தெரிவு செய்யாமல் வாசலுக்கு வந்து தாடையோடு வைத்துப் பாருங்கள். அகற்றும்போது எண்ணெய் தொட்டு மெதுவாக எடுங்கள். இந்த நிலை உள்ளவர்களுக்கு உரசிய இடத்திலேயே புதுத் திட்டு வரலாம். இறுகிய மணிக்கூட்டுப் பட்டிக்கும் இது பொருந்தும்.

கையையும் மறைத்தே ஆகவேண்டுமென்றால், டிஎச்ஏ என்ற, தோலைப் பழுப்பாக்கும் இரசாயனம் உள்ள நிறமூட்டும் கிறீமைப் பஞ்சுக்குச்சியால் திட்டுக்குள் மட்டும் வைத்து, ஓரத்தை ஈரத்துணியால் துடையுங்கள். நிறம் ஏற ஆறு முதல் எட்டு மணித்தியாலம். மற்ற இடங்களில் ஒரு கிழமைவரை நிற்கும். அடிக்கடி கழுவும் விரலில் இரண்டு மூன்று நாள்தான். தேர்வுக்கு இரண்டு கிழமை முன்பே ஒருதரம் செய்து பாருங்கள். அது வெயிலைத் தடுக்காது, வெயில் கிறீம் தனியே வேண்டும்.

யாராவது கையைப் பார்த்தபடி இருந்தால், ‘இது வெண்திட்டு, தொற்றாது’ என்று நீங்களே சொல்லிவிட்டு அடுத்த பதிலுக்குப் போங்கள். கண்ணாடி முன் பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள், அன்றைக்குக் குரல் நடுங்காது.

கேள்வி: மகனுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறான். கண்ணாடி மைனஸ் 5.50. வில்லை தடிப்பாக இருப்பதால் ‘சோடாப்போத்தல்’ என்று பகிடி பண்ணுகிறார்களாம், வகுப்பில் கழற்றி வைத்துவிடுகிறான். (தம்பலகாமம் தாய்)

பதில்: விலைகூடிய மெல்லிய வில்லைக்கு முன், பிரேமை மாற்றுங்கள். மைனஸ் வில்லை நடுவில் மெலிது, ஓரம் போகப்போகத் தடிக்கும். அகலமான பிரேம் என்றால் அந்தத் தடித்த ஓரமும் சேர்ந்து வரும். பிரேமின் கைப்பிடி உள்பக்கத்தில் 54, 18, 140 என்பதுபோல மூன்று எண் இருக்கும்: வில்லை அகலம், மூக்குப்பாலம், கைப்பிடி நீளம், எல்லாம் மி.மீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 72. மகனின் கண்மணிகளுக்கு இடையே 62 மி.மீ. என்று வைத்தால் ஒவ்வொரு கண்ணும் நடுவிலிருந்து 5 மி.மீ. மூக்குப்பக்கம் தள்ளிநிற்கிறது, வெளி ஓரம் அவ்வளவுக்குத் தடிக்கும். 48, 18 பிரேமில் கூட்டல் 66, தள்ளுவது 2 மி.மீ. மட்டும். அதற்கு மேல் 1.67 ஒளிமுறிவுச் சுட்டெண் உள்ள மெல்லிய வில்லை போட்டால் இன்னும் மெலியும். ஓரம் மறையும் அளவு தடித்த பிளாஸ்ரிக் பிரேம் எடுங்கள். அரைப் பிரேமும் பிரேம் இல்லாததும் தடிப்பை அப்படியே காட்டும். பளபளப்புத் தடுக்கும் பூச்சும் போடச் சொல்லுங்கள். வில்லைக்குள் வளையம் வளையமாகத் தெரிவது குறையும், கண்ணும் தெளிவாகத் தெரியும்.

பிரேமை அவனே தெரிவு செய்யட்டும், எண்களை மட்டும் நீங்கள் பாருங்கள். வியர்வையில் வழுகினால் காதுக்குப் பின்னால் வளைவை இறுக்கச் சொல்லலாம், கடையில் இரண்டு நிமிட வேலை. புதுக் கண்ணாடி போட்டதும் இரண்டு மூன்று நாள் தரை சரிந்திருப்பதுபோலத் தெரியும், அது வழமை. ஒரு கிழமை கழிந்தும் தலையிடி இருந்தால், வில்லையின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே இருக்கிறதா என்று கடையில் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.